தர எண்ணும் தன்மதிப்பும்

இணையவழிச் சதுரங்கத்தில், தர எண்ணில் நம்மினும் 200 புள்ளி குறைந்த ஒருவர் நம்மை வென்றதும், “இவர் கணினியின் துணைகொண்டு வஞ்சித்தார்” என்று நம் உள்ளம் தீர்ப்புக் கூற விரைகின்றது. இத்தீர்ப்பு அறமாகுமா?

ஆர்ப்பாட் எலோ வகுத்து, 1970-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட கணக்கின்படி, அத்தகையவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ ஒன்றினை வெல்லுதல் இயல்பே. இணையத் தளங்கள் பலவும் இதன் வழிவந்த முறைகளையே கையாளுகின்றன. தர எண் முடிந்துபோன ஆட்டங்களின் கணக்கேயன்றி ஆளின் அளவன்று. நேற்று அவர் கற்றதை அது அறியாது.

வஞ்சகரும் உளர். ஆயினும் ஐயம் அவர் நகர்த்திய காய்களினின்று எழவேண்டுமேயன்றி, நம் செருக்கினின்று எழலாகாது. தோற்றவர் முதற்கண் ஆராயவேண்டுவது, “அவரை எளியரென்று எண்ணி எந்நகர்வில் அயர்ந்தோம்?” என்பதேயாம்.