ஓட்டமும் இல்லறமும்

"ஸுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். வீட்டில் முணுமுணுக்கிறார்கள். உடலைப் பேணுவது நல்லதுதானே?" என்று ஓர் இளைஞர் கேட்டார். "அந்நேரம் கைக்குழந்தை யாரிடம்?" என்றேன். மௌனமானார்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம், பேணத்தான் வேண்டும். ஆனால் அந்த ஒரு மணி நேரம், இரவெல்லாம் விழித்த மனைவியின் ஓய்விலிருந்து எடுத்ததல்லவா?

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். உடலுக்கும் குடும்பத்துக்கும் ஹக்கு உண்டென்று ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் அதை உண்மையென்றார்கள். நபிலான வணக்கமே மனைவியின் ஹக்கைப் பறிக்கக் கூடாதெனில், ஓட்டம் எம்மாத்திரம்?

அதற்காக ஓட்டத்தை விட்டுவிட வேண்டுமென்பதல்ல. பிரயாணத்தில் தோழர்களை முன்னே அனுப்பிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நாயகம் (ஸல்) அவர்கள் பந்தயம் ஓடினார்கள். முதலில் வென்றவர் அன்னை. பின்னொரு சமயம் நாயகம்.

சுவீடனில், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டில் ஓடும் போட்டிகள் உண்டு. சிறு பிள்ளைகளுள்ள தம்பதியர் வெவ்வேறு நேரத்தில் புறப்பட அங்கே இடமளிப்பார்கள். ஒருவர் ஓட, மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.

சகோதரரே! ஒரு நாள் நீங்கள் ஓடுங்கள். மறுநாள் பிள்ளையை நீங்கள் ஏந்துங்கள்; மனைவி சற்று உறங்கட்டும். நிய்யத் சீரானால் இரண்டும் நன்மையே. அல்லாஹ் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.