கல்லும் கயிறும்

விடாமுயற்சியைப் பாடும் கவிதையில் பாடுபொருளும் உருவகமும் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. தளராமல் முயல வேண்டும் என்பது பாடுபொருள். அதை உரைநடையில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதைக் காட்டக் கவிஞர் எடுத்துக்கொள்ளும் காளை, கடல், சிப்பி போன்றவை உருவகம். இலக்கண நூல்கள் உவமையையும் உருவகத்தையும் பிரித்துப் பேசும். வாசகருக்கு இரண்டும் ஒரே வழியில்தான் பொருள் தருகின்றன. பாடசாலை வினாத்தாள் ‘மையக்கருத்து யாது, உருவகம் யாது’ என்று தனித்தனியே கேட்பதால், ஒன்று பழம், மற்றது தோல் என்ற எண்ணம் மாணவரிடம் பதிந்துவிடுகிறது. ஆனால் உருவகமாக வந்த பொருளை அறியாதவருக்குப் பாடுபொருளும் பாதிதான் கிட்டும்.

முயற்சிக்கு நம்மிடம் மிகவும் தேய்ந்துபோன உருவகம் முத்துக்குளிப்பு. மூச்சை அடக்கி ஆழம் போகிறவருக்கே முத்து என்று மேடைப் பேச்சுகள் சொல்லும். அந்தத் தொழில் உண்மையில் எப்படி நடந்தது என்பதற்கு மன்னார் மாவட்டத்து முசலிக் கரையில் இருக்கும் கொண்டச்சி நல்ல சாட்சி. அதற்கு அருகே உள்ள சிலாபத்துறையின் பெயரிலேயே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சிலாபம் என்ற சொல் இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் கொண்டச்சிக் குடாவில் நடந்த சிலாபத்தை ஜேம்ஸ் கோர்டினர் 1807-இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். சிலாபம் நடக்கும் ஆண்டுகளில் சில வாரங்கள் மட்டும் ஆளரவமற்ற மணற்கரை நகரமாகும்; சிலாபம் முடிந்ததும் மறுபடி மணலாகும்.

தோணிகள் நள்ளிரவை ஒட்டிக் கரைக்காற்றில் புறப்பட்டு, விடியலில் சிப்பிகள் வாழும் கடலடித் திட்டான பாரை அடையும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, வலைப்பையோடு இறங்குவார். கல் அவரை ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்துக்குக் கொண்டுபோகும். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பார்; தோணியில் இருப்பவர் இழுத்துவிடுவார். ஒருவர் மூழ்கும்போது அவருடைய இணை மேலே இளைப்பாறுவார்.

இந்த விவரங்களோடு பார்த்தால் உருவகத்தின் பொருள் இடம் மாறுகிறது. இறக்குவது கல், ஏற்றுவது இன்னொருவரின் கை. குளிப்பவரின் திறமை மூச்சைக் கடைசிவரை பிடித்துவைப்பதில் இல்லை. கயிற்றை எப்போது அசைப்பது என்று அறிவதில் இருக்கிறது. அசைக்க மறந்த பிடிவாதக்காரர் மறுமுறை மூழ்கமாட்டார். மேடைப் பேச்சில் வரும் தனி வீரர் கொண்டச்சியில் இல்லை.

கூலியும் முத்தாகக் கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வழக்கப்படி, கரைக்கு வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு திறக்காமலே ஏலம் போகும். குளித்தவரும் தம் சிப்பியைப் பெரும்பாலும் மூடியபடியே கரையில் விற்றுவிடுவார். உள்ளே முத்து இருந்ததா என்பதை அறிவது வாங்கியவர்தான்.

பாரும் முயற்சிக்குக் கட்டுப்பட்டதல்ல. 1891-க்குப் பிறகு 1903 வரை இங்கே சிலாபமே இல்லை. சிப்பிகள் மறைவதன் காரணம் தேடி வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன், பெரியபாரில் இளஞ்சிப்பிகள் திரளாகக் குடியேறுவதையும், முதிரும் முன்பே அடித்துச் செல்லப்படுவதையும் பதிந்தார். ஆள் குறைந்ததாலோ சோம்பலாலோ வந்த வறட்சி அல்ல இது.

மணல்துகள் உறுத்த, சிப்பி அதைப் பொறுத்து முத்தாக்குகிறது என்ற உருவகத்துக்கும் இதே கதிதான். இயற்கை முத்து மணலால் உண்டாவது மிக அரிது. ஒட்டுண்ணியோ சதையில் ஏற்பட்ட காயமோதான் பெரும்பாலும் காரணம். ஹெர்ட்மனும் இந்தக் கடலின் சிப்பிகளில் நாடாப்புழுவின் இளம்பருவத்தையே சுட்டினார். சுவாதி நட்சத்திர நாளில் விழும் மழைத்துளி சிப்பிக்குள் முத்தாகிறது என்ற கதையை யாரும் அறிவியலாக எடுத்துக்கொள்வதில்லை. மணல்துகள் கதைக்கு மட்டும் அறிவியலின் சாயல் ஒட்டிக்கொண்டது.

விடாமுயற்சிக்குத் திருக்குறள் தேர்ந்த பொருள்கள் இவ்வளவு எளிதில் உடைவதில்லை. இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் வரும் எருது, தடைப்பட்ட இடமெல்லாம் வண்டியை இழுத்துக் கடக்கிறது. அது பரிசுக்காக இழுக்கவில்லை. வண்டி நகர்வதே அதன் வேலை. ஊக்கமுடைமையில் வரும் யானை, அம்புகள் தைத்தும் தன் பெருமிதம் குலையாமல் நிற்கிறது. வெல்கிறதா என்று குறள் சொல்லவில்லை. அதே அதிகாரத்தில் நீர்மட்டத்தோடு வளரும் மலர்த்தண்டு, மனிதரின் உயர்வை அவர் உள்ளத்தோடு கட்டிவிடுகிறது. இந்த மூன்றிலும் பாடுபொருள் ஒன்றுபோலத் தோன்றினாலும், இழுத்தல், நிற்றல், வளர்தல் என்று விடாமுயற்சி மூன்று வேறு செயல்களாகிறது. இதை வேறுபடுத்திக் காட்டுவது உருவகம் ஒன்றே.

ஆள்வினையுடைமையில் வரும் 619-ஆம் குறள் இன்னும் கறாரானது. தெய்வத்தால் கைகூடாத செயலிலும் உடல் வருந்திய அளவுக்குப் பலன் உண்டு என்கிறது. அந்தப் பலனுக்கு அது இட்ட பெயர் ‘கூலி’. புதையல், பரிசு, முத்து என்று எதையும் சொல்லவில்லை. மூடிய சிப்பிகளில் தன் பங்கை எண்ணி வாங்கிக்கொண்டு, நள்ளிரவில் மறுபடி தோணி ஏறிய கொண்டச்சிக் குளிகாரருக்கு அந்தச் சொல்லுக்கு உரை தேவைப்பட்டிருக்காது.