பழுது பார்த்தலும் கொல்லாமையும்

பழுதான பொருளைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவது அறமா, அதனைக் கழித்துவிட்டுக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதியதை வாங்குவது அறமா? மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட நமக்கு முன்னதே சரியெனத் தோன்றும். ஆனால், குளிர்பதனப் பெட்டி என்று வரும்போது விடை அத்துணை எளிதன்று. நாற்காலியைப் பழுது பார்த்தால் அது சும்மா நிற்கும். பெட்டியோ இரவும் பகலும் மின்சாரத்தை உண்டுகொண்டே நிற்கும்.

இந்தியாவில் முதன்முதலாகக் குளிர்பதனப் பெட்டி செய்தது கோத்ரெஜ் நிறுவனம், ஆண்டு 1958. அதன்பின் நெடுநாள் வரை ஆசிரியர் வீடுகளில் அது அரும்பொருளே. மாத்தூரில் நம் இல்லத்தில் இருப்பது 1983இல் வாங்கிய 165 லிட்டர் ஆல்வின் பெட்டி. ஐதராபாத்தில் அதைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. சென்ற ஆண்டு அதில் குளிர்ச்சி குறைந்தபோது, "எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாம் அம்மா, இது கரண்டைக் குடிக்கிறது" என்றனர் பிள்ளைகள்.

பிள்ளைகள் சொன்னதைத் தள்ளிவிட இயலாது. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு அனல்மின் நிலையம் ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரியை எரிக்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். பெட்டி நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் எடுத்தால், நாள்தோறும் சுமார் 350 கிராம் சாம்பல் நம் பெயரில் எங்கோ கொட்டப்படுகிறது. "எங்கோ" என்று பிற ஊரார் சொல்லலாம்; நாம் சொல்ல முடியாது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கொசத்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்ததும், அதனால் இறாலும் மீனும் அருகியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்றதும் நாம் அறிந்தவை. நம் வீட்டுக் கம்பியில் வரும் மின்சாரம் எந்த நிலையத்தது எனப் பிரித்தறிய இயலாதுதான். அதனாலேயே பொறுப்பு நீங்கிவிடுமா?

ஆயினும் எக்ஸ்சேஞ்ச் என்பதை நாம் ஏற்கவில்லை. கடைக்காரர் கொண்டுபோகும் பழைய பெட்டி பெரும்பாலும் வர்ணம் பூசப்பெற்று வேறொரு வீட்டுக்குச் செல்கிறது. அங்கும் அதே மின்சாரத்தை எடுக்கும். கட்டணம் கட்டுபவர் நம்மினும் ஏழையாயிருப்பார். அல்லது பழைய இரும்புக் கடையில் குழாயை வெட்டிச் செம்பை எடுப்பார்கள். செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் நம் சமயம் ஒரே தட்டில் வைத்து எண்ணுகிறது. நம் கூரையின் கீழ் நிகழாத தீங்கு நம்முடையதன்று என்ற வாதம் இங்கு எடுபடாது.

குழாயை வெட்டுவதில் என்ன தீங்கு? அக்காலப் பெட்டிகளில் ஓடுவது ஆர்-12 என்னும் வாயு. அதற்கு முன்னர் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற நச்சு வாயுக்களே பயன்பட்டன. அவை கசிந்தால் வீட்டில் உறங்குவோர் உயிருக்கே ஆபத்து. நஞ்சுமில்லை, நெருப்பும் பற்றாது என்பதால் 1930களில் ஆர்-12 உலகெங்கும் பரவியது. நம் மேட்டூரிலும் இவ்வகை வாயு உற்பத்தியானது. அது வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல்தான் மோலினா, ரோலண்ட் என்னும் அறிஞர் இருவர் எடுத்துரைத்தனர். 1987இல் மான்ட்ரியால் உடன்படிக்கை வந்தது. 2010 முதல் நம் நாட்டில் இதன் பயன்பாடு விலக்கப்பட்டது. வெளியேறிய வாயு ஏறத்தாழ நூறாண்டு வானில் தங்கும். புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வல்லது. ஒரு வீட்டுப் பெட்டியில் உள்ள 150 கிராம் வெளியேறினால் ஒன்றரை டன் கரியமில வாயுவை விட்டதற்கு நிகர். ஓசோன் குறைந்தால் மிகுந்துவரும் கதிர் கடலின் மேற்பரப்பில் வாழும் நுண்ணுயிர்களையும் தாக்கும். நீரை வடிகட்டிப் பருகும் மரபினருக்குக் கண்ணுக்குத் தெரியாத உயிரைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை.

நல்லவேளையாகப் பழுது வாயுவில் இல்லை. பழைய பெட்டிகளில் குறை பெரும்பாலும் வெளியுறுப்புகளிலேயே இருக்கும். இதை அறியாமல் "கேஸ் போய்விட்டது" என்று குழாயில் கைவைப்போர் பலர். கதவு ரப்பர் இறுகி வெடித்திருந்தது. இடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் தடையின்றிக் கையோடு வந்தது. தெர்மோஸ்டாட் தேய்ந்திருந்தது. பின்புறக் கம்பிச்சுருளில் மணலிச் சாலைத் தூசி கம்பளம்போல் படிந்திருந்தது. ரப்பரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றி, தூசியைத் துடைத்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்த பின்னர் கம்ப்ரசர் ஓடும் நேரமும் குறைந்தது, மீட்டர் ஓட்டமும் குறைந்தது. தானே பனியுருக்கும் பெரிய இரட்டைக் கதவுப் பெட்டியை வாங்குவோர் மின்சாரம் சேமிக்கிறோம் என்று சொல்வதைக் கேட்டால் நமக்குச் சற்றே நகைப்பு வரும்.

இனி, உள்ளே வைப்பது எது? அந்திக்கு முன் உண்டு முடிக்கும் வீட்டில், நேற்றைய குழம்புக்குப் பெட்டி தேவையில்லை. பால், தயிர், கீரை போதும். இவையும் இன்றியமையாதன அல்ல. ஆனால், வீட்டுப் பெரியவருக்கு இன்சுலின் வேண்டும். திறவாத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருத்தல் வேண்டும், உறைந்துவிட்டால் பயனில்லை. ஆகவே மருந்தைப் பனி அறைக்கு அருகே வைக்காமல், நடுத்தட்டில் ஒரு வெப்பமானியோடு வைத்திருக்கிறோம். பெட்டியே வேண்டாம் என்று துறக்க நமக்கு இடமில்லாததற்குக் காரணம் இதுவே.

கம்ப்ரசர் ஒரு நாள் நிற்கும். அப்போது ஐசோபியூட்டேன் வாயுவில் ஓடும் சிறிய புதுப்பெட்டி ஒன்று வாங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். எளிதில் தீப்பற்றும் அவ்வாயுவைப் பழைய பெட்டியில் ஏற்றச் சொல்வோர் பேச்சுக்குச் செவிகொடுப்பதாயில்லை. பழைய வாயுவை உருளையில் மீட்டெடுக்கும் கருவி நம் மெக்கானிக்கிடம் இல்லை. அதை வைத்திருப்பவர் ஒருவரைத் தேடித் தருமாறு அவரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் கிடைக்கும் வரை, நின்றுபோன பெட்டியும் கூடத்து மூலையிலேயே இருக்கும், கடைக்குப் போகாது.