மடியில் கிடந்த கோழி

கோழி கண்ணை மூடும்போது கீழிமைதான் மேலேறி வருகிறது. நமக்கோ மேலிமை இறங்கும். இத்தனை காலம் வீட்டில் கோழி வளர்த்தும் இதை நான் கவனித்ததில்லை. தெருநாய் முதுகைக் கிழித்துப் போட்ட பெட்டைக்கோழியை மடியில் வைத்து, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரால் புண்ணைக் கழுவியபோதுதான் பார்த்தேன். விரல் புண்ணில் பட்டது. துள்ளவில்லை, கத்தவில்லை. வெளிறிய அந்தத் தோல் மெல்ல ஏறிக் கண்ணை மூடிக்கொண்டது.

அது வலியா, நிம்மதியா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

பக்கத்து வீட்டு மதினி, "இதப் போயி வச்சிக்கிட்டு மெனக்கெடுதியளே, கொழம்பு வச்சிர வேண்டியதுதான?" என்றார். கேட்டதில் தப்பில்லை. நாங்களும் கறி தின்கிற வீடுதான். ஆனாலும் ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன். மற்றக் கோழிகளோடு விடாதீர்கள், சிவப்பைக் கண்டால் அவையே கொத்திப் புண்ணைப் பெரிதாக்கிவிடும் என்றார் மருத்துவர். ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். இன்னொன்றும் சொன்னார்: நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ஆசையாய் இறுக்கி அணைத்தாலே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அணைப்பில் இப்படி ஓர் ஆபத்து இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கண் மூடுவதைப் பற்றியும் கேட்டேன். "சொகமா இருந்தாலும் மூடும், முடியலன்னாலும் மூடும்" என்றார்.

சின்ன வயதில், சுடலைமாடன் கொடைக்கு நேந்துவிட்ட சேவலை ஆச்சி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றங்கரை வழியே நடந்தாள். மேளச் சத்தம் காதை அடைத்தது. சேவல் அசையவில்லை. அதன் கண்ணும் மூடியிருந்தது. எந்த இமை என்று அப்போது யார் பார்த்தார்கள்? "சாமிகிட்டப் போறது அதுக்குத் தெரியும்லா, அதான் சாதுவா இருக்கு" என்றாள் ஆச்சி. நான் நம்பினேன். குஞ்சிலிருந்து தவிடு பிசைந்து போட்டு வளர்த்தவளும் அவள்தான். அந்தப் பாசம் பொய்யென்று இன்றும் சொல்லமாட்டேன்.

பிறகு எங்கோ படித்தேன். 1646-ல் கிர்ச்சர் என்ற பாதிரியார் ரோமில் அச்சிட்ட நூலில் ஒரு சோதனை வருகிறது. கோழியின் காலைக் கட்டித் தரையில் கிடத்தி, கண் முன்னே ஒரு கோடு இழுக்கிறார். கட்டை அவிழ்த்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. கோட்டையே கயிறென்று கோழி கற்பனை செய்கிறது என்பது அவர் முடிவு. இன்றைய ஆய்வாளர்கள் அதைப் பயம் என்கிறார்கள். பிடியிலிருந்து தப்ப வழியில்லாதபோது உடம்பு தானாகவே மரத்துக் கிடக்குமாம்.

அப்படியானால் ஆச்சியின் கக்கத்தில் இருந்தது சம்மதம் இல்லை. என் மடியில் இருந்தது?

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு கோழியைக் காட்டுகிறார். மாலையில் வேலியோரம் காட்டுப்பூனை வந்துவிட, வீட்டுக்கோழி குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. பாட்டு என்னவோ தலைவனையும் ஊர்ப்பேச்சையும் பற்றியது. எனக்கு மனதில் நிற்பது கோழிதான். அது கத்துவதால் அதன் தவிப்பு இத்தனை நூற்றாண்டு கடந்தும் நமக்குக் கேட்கிறது. கத்தாமல் கிடக்கும் கோழியை எதை வைத்துப் புரிந்துகொள்வது?

புண் ஆறிவிட்டது. இறகு உதிர்ந்த இடத்தில் புதுக் குருத்து தெரிகிறது. குருணை தூவினால் ஓடி வருகிறது, தூக்கப் போனால் விலகி ஓடுகிறது. கழுவாமல் விட்டிருந்தால் செத்திருக்கும், ஆகவே கழுவியது சரிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் பரிவு பரிவாகவே அதற்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லை, நாயின் வாய்க்குப் பிறகு இன்னொரு பிடியாக மட்டும் இருந்ததா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. மதினி கேட்ட கேள்விக்காவது பதில் சொல்லலாமென்று பார்க்கிறேன். அதுவும் முழுதாக வரமாட்டேன் என்கிறது.