எஞ்சினைக் கழுவுவது

"எஞ்சினை டீசல் அடிச்சுக் கழுவிப்போடலாங்களா? ஆள் பாக்க வாரப்ப பளிச்சுனு இருக்குமுங்க." மெக்கானிக் அண்ணன் கேட்டது இவ்வளவுதான்.

1995இல் புனேயில் பென்ஸ் கூட்டத் தொடங்கிய ஈ 220, என் வண்டி. ஆறு வருஷமாக புஷ், ஹோஸ், ரேடியேட்டர் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். ஹெட் கேஸ்கெட்டில் மட்டும் ஆயில் கசிகிறது, சூடானால்தான் தெரியும். முப்பது வயசுக்கு அது நியாயம்தான். எனக்கு விற்றவரும் கழுவித்தான் கொடுத்தார்.

குறையுள்ள வீட்டை விற்பவன் குறையைச் சொல்லியாக வேண்டுமா? கி.மு. 44இல் சிசரோ இதை எழுதுகிறார். வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார் டயோஜெனிஸ் (பீப்பாய்க்காரர் இல்லை, பாபிலோனியர்). வழி தவறியவனுக்கு வழி காட்டாததைவிட மோசம் அது என்கிறார் ஆன்டிபேட்டர். நம்முடைய 1930 சரக்கு விற்பனைச் சட்டம் பெரும்பாலும் டயோஜெனிஸ் பக்கம்தான்.

நானும் அவர் பக்கம்தான் இருந்தேன், காதர்பேட்டையை நினைக்கும் வரை. அங்கே செகண்ட்ஸ் பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை பார்க்கலாம். கடைக்காரர் வாயே திறக்க வேண்டாம், 'செகண்ட்ஸ்' என்ற பெயரே சொல்லிவிடுகிறது. எஞ்சினை அப்படி விரிக்க முடியாது. அதிலும் கழுவிவிட்டால் அது சும்மா இருப்பதுகூட இல்லை, கையால் சொன்ன பொய். டயோஜெனிஸே துணைக்கு வரமாட்டார்.

"கழுவ வேண்டாங்கண்ணா" என்றேன்.

வந்தவர் கல்யாண வாடகைக்கு ஓட்டப்போகிறவர். காங்கயம் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்து பானெட்டைத் திறந்து காட்டினேன். நாற்பதாயிரம் குறைத்தார். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"வேற ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. மத்தியான வெயிலில் ஏசி நின்றுவிடும்.