பழுதுற்ற பொருளும் பழுதுறா மனமும்



தம்பானூரைச் சுற்றி வாழும் நம் குடும்பத்தினர் யாவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. துலாவர்ஷம் என்று மலையாளத்தார் வழங்கும் ஐப்பசி மழை மாலையில் இடியோடு இறங்குகின்றது. விளக்கு மங்குகின்றது, அணைகின்றது, மீண்டும் எரிகின்றது. மறுநாட் காலையில் தேங்காய் அரைக்கப் போனால் மிக்சி சுழலவில்லை. அல்லது குளிர்ப்பெட்டி ஊமையாய் நிற்கின்றது. தவணைக்கு வாங்கிய பொருளாயின் துயரம் இரட்டிப்பாகின்றது. அவ்வேளையில் வீட்டிலே எழும் முதற்கேள்வி யாது? "என்ன பழுது?" என்பதன்று, "யார் தொட்டது?" என்பதே.

அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

கேள்வி எழுந்தவுடன் பழி யார் தலையில் விழுகின்றது? வீட்டுக்கு வந்து ஓராண்டும் நிறையாத மருமகள்மீது. பாத்திரம் துலக்க வரும் ஏழைப் பெண்மீது. "அவள் கைராசி அப்படி" என்கின்றார் ஒருவர். "கண்ணேறு பட்டது" என்று எலுமிச்சம்பழம் வாங்க ஓடுகின்றார் மற்றொருவர். சகோதரரே, சிந்தியுங்கள்! தொட்டதனாற் கெட்டது என்னும் பழியை நம் முன்னோர் எத்தனை தலைமுறை சுமந்தனர்! கிணற்றைத் தொட்டால் தீட்டு, குடத்தைத் தொட்டால் தீட்டு என்றனர் அன்று. அந்தப் பொய்யை உதறி எறிந்து தம்மத்தைச் சரணடைந்த நாமே, அதே பொய்யை நம் சமையலறையில் ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றலாமோ?

காரணமின்றிக் காரியமில்லை, காரணம் நீங்கிற் காரியமும் நீங்கும். ததாகதர் காட்டிய சார்பு நெறி இதுவே. பிறவிக்கும் துக்கத்துக்கும் பொருந்தும் இந்நெறி மிக்சிக்கும் பொருந்தும்.

நாம் நூற்பாலையிற் கதிர்களோடு வாழ்ந்த ஆண்டுகளில், நூல் அடிக்கடி அறுந்தால் தொழிலாளியை ஏசும் மேஸ்திரிகளைப் பார்த்தோம். நல்ல பிட்டரையும் பார்த்தோம். அவர் ஏசமாட்டார். இயந்திரத்தை நிறுத்துவார், படிந்த பஞ்சைத் துடைப்பார், வளையத்தின்மேல் ஓடும் டிராவலர் என்னும் சிறு கம்பித்துண்டைப் பார்ப்பார், தேய்ந்திருந்தால் மாற்றுவார். ஏச்சினால் ஒரு நூலும் ஒட்டியதில்லை. அந்தச் சிறு துண்டை மாற்றியதும் நூல் அறுவது நின்றது.

வீட்டுக் கருவிகளும் அவ்வாறே. மிக்சி திடீரென நின்றால், அதன் அடியில் உள்ள சிறு பொத்தானைப் பாருங்கள். பாரம் மிகுந்து சூடேறினால் மோட்டார் எரியாதிருக்க அது தானே விலகிக்கொள்ளும். சற்று ஆறவிட்டு அழுத்தினால் மீண்டும் ஓடும். மோட்டார் சுழன்றும் ஜாடியின் அலகு சுழலவில்லையாயின், இரண்டையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். விலையுயர்ந்த மோட்டாரைக் காக்க மலிவான அது தேய்கின்றது. மின்விசிறி மெல்லச் சுழன்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும். குளிர்ப்பெட்டி குளிராவிடில், கதவிடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் எளிதில் நழுவி வந்தால் ரப்பர்ப் பட்டை தளர்ந்துவிட்டது என்று அறியலாம். மின்சாரம் நின்றபோது கதவைத் திறவாதிருந்தால் உள்ளிருக்கும் உணவு ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர்ச்சியோடிருக்கும். இவற்றில் எங்கே இருக்கின்றது கைராசி?

நம் நாட்டு மிக்சியே ஒரு பழுதிலிருந்து பிறந்ததன்றோ! பம்பாயில் மாதுரி மாத்தூர் என்னும் அம்மையார் வைத்திருந்த ஜெர்மானியக் கருவியின் மோட்டார் எரிந்துபோயிற்று. அவர் கணவரும் பொறியாளருமான சத்தியப் பிரகாச மாத்தூர், நம் நாட்டு அரைப்பு வேலையின் கடுமையை அக்கருவி தாங்காது என்னும் காரணத்தைக் கண்டார். அதைத் தாங்கும் கருவியைத் தாமே அமைத்தார். 1963இல் தோன்றிய சுமீத் மிக்சி அதுவே. காரணத்தைத் தேடியவர் எத்தனை வீடுகளுக்கு உதவினார் பாருங்கள்!

ஆயினும் துணிவு வேறு, அறியாமை வேறு. பிளக்கைப் பிடுங்காமல் எந்தக் கருவியையும் திறவாதீர். பியூஸ் எரிந்தால் அதனிடத்தில் தடித்த கம்பியைக் கட்டாதீர்; பியூஸ் தான் எரிந்து வீட்டைக் காப்பது, தடித்த கம்பி வீட்டையே எரிப்பது. தம்பானூரின் தாழ்ந்த பகுதிகளில் மழைநீர் புகுவதுண்டு. அந்நீரில் நனைந்த கருவியை, அறிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை மின்சாரத்தோடு இணைக்காதீர். மைக்ரோவேவ் அடுப்பினுள் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உயிரைப் பறிக்கும் மின்விசை தங்கியிருக்கக் கூடும். அதனைத் தொழிலாளியிடமே விடுங்கள். அத்தொழிலாளிக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறையாதீர். உழைப்பின் அருமை அறிந்தவர் நாம்.

விற்றவரிடம் ஏமாற வேண்டியதுமில்லை. இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நமக்குத் துணை நிற்கின்றது. 1915 என்னும் எண்ணிற் குறை சொல்லலாம். 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு ஓர் இணையதளமும் தொடங்கியது. கெஞ்ச வேண்டியதில்லை, கொதிக்கவும் வேண்டியதில்லை. உரிமையை அமைதியாகக் கேட்பதே முறை.

செப்பனிடுதல் ஏழைமையின் அடையாளம் என்று வெட்குவாரும் உளர். விநய பிடகத்தைப் பாருங்கள். பிக்ஷுவின் பாத்திரம் உடைந்தால், ஐந்து ஒட்டுகள் விழுவதற்குமுன் புதியதைக் கேட்டுப் பெறுதல் குற்றம் என்பது விதி. கோசாம்பி மன்னன் உதயணனின் அரண்மனைப் பெண்டிர் ஆனந்தருக்கு 500 ஆடைகளை அளித்தனர். "இத்தனையும் எதற்கு?" என்று மன்னன் வினவினான். கந்தையுடுத்த பிக்ஷுக்களுக்குப் பங்கிடுவோம் என்றார் தேரர். பழந்துணி என்னாகும் என்றான். படுக்கை விரிப்பாகும்; அது நைந்தால் மெத்தையுறையாகும்; பின் தரைவிரிப்பாகும்; பின் கால் துடைக்கும் துணியாகும்; பின் தூசி தட்டும் துணியாகும்; இறுதியிற் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுக உதவும் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகள் கொடுத்தான். ஒரு துணிக்குச் சங்கத்தார் காட்டிய மதிப்பு இது!

இனிச் செப்பனிடவே இயலாத பொருளை என் செய்வது? இருட்டியபின் ஓடையில் எறிந்துவிடுவது சிலர் வழக்கம். தம்பானூர் இரயில் நிலையத்தின் அடியில் ஆமயிழஞ்சான் தோடு ஓடுகின்றது. அதிற் பிளாஸ்டிக்கும் குப்பையும் அடைத்துக் கிடந்தன. 2024 ஜூலை 13ஆம் நாள், அதைத் துப்புரவு செய்ய இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை மழைவெள்ளம் அடித்துச் சென்றது. தேடித் தேடி, 15ஆம் நாளே உடலை மீட்டனர். அவரைச் சூழ்ந்த குப்பை அவர் வீசியதன்று, ஊரார் வீசியது. ஒருவர் எறிந்ததை அள்ள இன்னொருவர் இறங்குகின்றார். அப்படி இறங்குவோர் எந்தக் குடிகளிலிருந்து வந்தனர் என்பதை நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆதலின் உடைந்த கருவியைத் தண்ணீரில் எறியாதீர். செம்புக்காகக் கம்பியை எரிக்காதீர், அப்புகை நஞ்சு. வீடுதேடி வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் அதைத் தனியே பிரித்து ஒப்படையுங்கள். கீறும் கண்ணாடியும் தகடும் அவர் கையை வெட்டாதபடி கட்டிக் கொடுங்கள்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மிக்சி நின்ற நாளில் அதன் பாரம் யார்மேல் ஏறுகின்றது? அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்ணின் தோளுக்கே திரும்புகின்றன. அன்றைக்கு ஆண்மக்கள் அம்மிமுன் அமரட்டும். அல்லது அரையாத குழம்பை முகங்கோணாமல் உண்ணட்டும். பொறுமை என்று மணிக்கணக்கிற் போதிப்பதைவிட அது மேல்.

எண்பது வயதிற் பகவர் தம் திருமேனியைக் கட்டுகளால் ஓடும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டார். சேர்ந்தவை யாவும் பிரியும். அந்த உடம்பையே வெறுக்காமலும் பற்றாமலும் அவர் நடத்திச் சென்றார். நாமோ ஓர் இரும்புப் பெட்டிக்காக வீட்டிலுள்ளவரின் உள்ளத்தை உடைக்கின்றோம். பெட்டிக்குக் கடைத்தெருவில் உதிரிப்பாகம் கிடைக்கும். புண்பட்ட உள்ளத்துக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆகவே அடுத்த முறை கருவி நிற்கும்போது, "யார் தொட்டது?" என்னும் சொல் நாவில் எழுமாயின், அதை அங்கேயே நிறுத்துங்கள். "என்ன காரணம்? வா, சேர்ந்து பார்ப்போம்" என்று மருமகளை அழையுங்கள். அவ்வீட்டில் அன்று தம்மம் விளங்கும்.

அனைவருக்கும் மங்களம் உண்டாகுக!