வழிகாட்டியின் நாக்கு

உரோமை நகரின் பழந்தெருக்களில் நடத்திச் சென்று விளக்கம் கூறும் வழிகாட்டிகள் உண்டு. கூலி தந்தால் நமக்கென்றே தனியே வருவர். பாந்தியன் குவிமாடத்தின் உச்சித் திறப்பைக் காட்டுவர். நவோனாச் சதுக்கத்து நீரூற்றுகளைக் காட்டுவர். சற்றுத் தெற்கே காம்ப்போ தெ ஃபியோரி. காலையில் கூடும் சந்தை; நடுவே முக்காடிட்ட வெண்கல மனிதன். யார் அவன்?

புரூனோ! விண்மீன்கள் யாவும் கதிரவன்களே, உலகங்கள் எண்ணிறந்தன என்று சொன்னவன். ஏறத்தாழ 8 ஆண்டுச் சிறைக்குப்பின், 1600 பிப்ரவரி 17இல், நாக்கைக் கட்டி, இவ்விடத்தில்தான் உயிரோடு எரித்தனர். போப்பாண்டவரின் ஆட்சி 1870இல் உரோமையை இழந்தது. அதன் பின்னரன்றோ, 1889இல், இச்சிலை எழ முடிந்தது!

வந்தவர் மனம் நோகுமே என்று வழிகாட்டி இதனை விழுங்கிவிட்டு, தக்காளியின் நிறத்தைப் புகழ்ந்து நடந்தால், அவர் பொய்யுரைத்தவர் ஆவாரா? ஆவார் என்போம் நாம். கொடுத்த காசு நடைக்குக் கூலி, மறைப்புக்கு விலையன்று. காசு தந்தவர் கேட்க விரும்பியதை மட்டும் சொல்வதென்றால் அதற்கு வரலாறு எதற்கு?

விண்ணியலுக்காக மட்டுமே எரித்தார்கள் என்று நம் பக்கத்தார் சிலர் முழங்குவதும் அரைகுறையே. மதக் கோட்பாடுகளை மறுத்ததும் குற்றப்பட்டியலில் இருந்தது. அதையும் வழிகாட்டி சொல்லட்டும். எரித்தவர் குற்றம் அதனால் இம்மியும் குறையாது.

அங்கிருந்து சிறிது தொலைவில் மினர்வா மடம். 1633இல் கலிலியோவை மண்டியிடச் செய்த இடம். அங்கே வழிகாட்டி வாய் திறப்பாரா? செல்லும் இளைஞர் கேட்டுத்தான் பார்க்கட்டுமே!